வேதியியல் வரலாறு: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வர்த்தில், இருபத்தெட்டு வருடம் பிசிக்கல் சயின்ஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு மிஞ்சும் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே கேட்பார்கள். அவர்களை அழைத்துப்போக வந்து வாசலில் நிற்கும் அப்பா அம்மா, ஆயா தாத்தா எல்லாரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். வருடா வருடம் வருவது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். தமிழில் எழுதித் தரச் சொன்னது ஆயாக்கள்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசிக்கவும் ஆகுமே என்று உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கே: உலகத்தின் முதல் வேதியியலாளர் யார்?

ப: பெயர் சொல்ல முடியாது. செம்பை உருக்கியவன், துணிக்குச் சாயம் காய்ச்சியவள், கள்ளைப் புளிக்கவிட்டவன் எல்லாரும் வேதியியல் செய்தவர்கள்தான். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஆரத்தி கரைக்கிறோமே, மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டதும் செக்கச்செவேல் என்று ஆகிறதே, அதுவே நல்ல சோதனை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரம் (சுண்ணாம்பு மாதிரி, அமிலத்துக்கு எதிரான பொருள்) பட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும்.

1664இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்பவர் வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதினார். ஒரு திரவம் அமிலமா காரமா என்று அறிய இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆரத்தி கரைத்த பாட்டிகளுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அடுத்தவர் செய்து பார்க்கும்படி எழுதி வைத்தவர் பாயில். அதனால் புத்தகத்தில் அவர் பெயர். வேலை செய்தவர் யார், பெயர் வாங்கியவர் யார் என்ற இந்த வழக்கு கீழே இன்னும் பல இடங்களில் வரும். எனக்கு வேதியியலில் அதுதான் சுவாரசியம், மன்னிக்கவும்.

கே: ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது யார்? ஒரு புத்தகத்தில் ஷீலே, ஒன்றில் பிரீஸ்ட்லி, இன்னொன்றில் லவாய்சியர் என்று இருக்கிறது.

ப: மூன்று பேருக்கும் பாத்தியதை உண்டு. ஸ்வீடனில் மருந்துக்கடையில் வேலை பார்த்த கார்ல் ஷீலே 1771, 1772 வாக்கிலேயே அந்த வாயுவைத் தனியாகப் பிடித்துவிட்டார். 'நெருப்புக் காற்று' என்று பெயரும் வைத்தார். ஆனால் அவருடைய புத்தகம் அச்சாகி வந்தது 1777இல்தான். அதற்குள் 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசத்திலிருந்து கிடைக்கும் சிவப்புத் தூள்மேல் பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துச் சூடேற்றினார். வந்த வாயுவில் மெழுகுவர்த்தியைக் காட்டினால் கொழுந்துவிட்டு எரிந்தது. (இந்தப் பிரீஸ்ட்லிதான் 1767இல் தண்ணீருக்குள் வாயுவை அடைத்து சோடா தயாரிக்கும் வழியையும் காட்டியவர். ஒவ்வொரு கோலா பாட்டிலுக்கும் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.)

அந்த அக்டோபர் மாதம் பிரீஸ்ட்லி பாரிஸ் போனார். விருந்துச் சாப்பாட்டின்போது தான் கண்டதை லவாய்சியரிடம் வெள்ளந்தியாகச் சொன்னார். அதே சமயத்தில் ஷீலேயும் லவாய்சியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். லவாய்சியர் இருவருக்கும் உரிய நன்றியைச் சொல்லவில்லை. இது அவர்மேல் எனக்குள்ள வருத்தம்.

ஆனாலும் அவரை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பியது என்னவென்றால், ஒரு பொருள் எரியும்போது அதற்குள் இருக்கும் ஃப்ளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியே போகிறது என்று. பிரீஸ்ட்லி சாகும்வரை அதை விடவில்லை. லவாய்சியர் தராசை நம்பினார். உலோகத்தைக் காற்றில் சுட்டால் எடை கூடுகிறது. ஏதோ ஒன்று வெளியே போனால் எடை எப்படிக் கூடும்? காற்றிலிருந்து ஒன்று உள்ளே வந்து சேர்கிறது என்று கண்டு, அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். கண்டவர் ஷீலே, ஊருக்கு முதலில் சொன்னவர் பிரீஸ்ட்லி, என்னவென்று புரிந்துகொண்டவர் லவாய்சியர் என்று எழுதுங்கள்.

லவாய்சியரின் மனைவி மரி ஆன் என்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1771இல் பதின்மூன்று வயதில் கல்யாணம். கணவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் தான் கற்றுக்கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தார். 1789இல் வந்த லவாய்சியரின் பெரிய பாடநூலுக்குக் கருவிப் படங்கள் பதின்மூன்றையும் வரைந்தார். 1794 மே 8ஆம் தேதி, வரி வசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்த குற்றத்துக்காக லவாய்சியரின் தலை கில்லட்டினில் போனது. அந்த அம்மாவின் அப்பாவுக்கும் அதே நாளில் அதே கதி. பறிமுதலான குறிப்பேடுகளை மீட்டு, கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டதும் அவர்தான்.

கே: வைரமும் அடுப்புக்கரியும் ஒன்றுதானா? நம்பவே முடியவில்லை.

ப: ஒரே கார்பன்தான், அடுக்கு வேறு. வைரத்தை எரித்துப் பார்த்த துணிச்சல்காரர்களில் நம்ம லவாய்சியரும் ஒருவர் (1772). கரியும் வைரமும் சம எடை எரிந்தால் ஒரே அளவு கரியமில வாயு வருகிறது என்று 1797இல் ஸ்மித்ஸன் டென்னண்ட் காட்டினார். அதோடு வழக்கு முடிந்தது. எழுபது வருடம் கழித்து, 1867இல், நம் நாட்டில் ஹோப்டவுன் பக்கம் முதல் வைரம் கிடைத்தது. அப்புறம் கிம்பர்லியில் மனிதர்கள் கையாலேயே அந்தப் பெரிய பள்ளத்தைத் தோண்டினார்கள். ஆய்வகத்தில் உறுதியாகச் செயற்கை வைரம் பிறந்தது 1954 டிசம்பரில், அமெரிக்காவில்.

கே: ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் மஞ்சளாக மலை மாதிரித் தெரிகிறதே, அது என்ன அங்கிள்?

ப: மலை இல்லை கண்ணு. தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய அரைத்த கல். அதற்குள் நல்ல கதை ஒன்று இருக்கிறது.

1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டு நிலத்தில், தங்கம் கண்டார்கள். ஆரம்பத்தில் கல்லை இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுமேல் ஓடவிட்டார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல்மட்டத்துக் கல்லுக்கு இது போதும். கொஞ்சம் ஆழம் போனதும் கல்லின் குணம் மாறிவிட்டது. பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாதுவோடு தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்து கிடந்தது. பாதரசத்தால் அதில் பெரும்பகுதியைப் பிடிக்க முடியவில்லை. சுரங்கப் பங்குகள் சரிந்தன. ஜோகன்னஸ்பர்க் ஊரே மூன்று நான்கு வருடத்தில் காலியாகிவிடும் என்று பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில், ஜான் ஸ்டூவர்ட் மெக்கார்தர் என்ற வேதியியலாளரும் ராபர்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்ற இரண்டு டாக்டர்களும் (அண்ணன் தம்பிகள்) சேர்ந்து ஒரு வழி கண்டிருந்தார்கள். கல்தூளை மிகவும் நீர்த்த சயனைடு கரைசலில் ஊறப்போட்டால் தங்கம் கரைந்து வந்துவிடும். வடிகட்டி எடுத்த கரைசலில் துத்தநாகச் சீவல்களைப் போட்டால் தங்கம் திரும்பப் படியும். 1887இல் காப்புரிமை வாங்கினார்கள். 1890இல் ஜோகன்னஸ்பர்க்கில் செய்து காட்டினார்கள். சில வருடத்தில் எல்லாச் சுரங்கத்திலும் இதே முறைதான். பழைய கழிவுக் குவியலைக்கூடத் திருப்பிப் போட்டு அதிலிருந்தும் தங்கம் எடுத்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. சயனைடு தங்கத்தைக் கரைக்கும் என்பது புதுச் செய்தியே இல்லை. மேலே சொன்ன அதே ஷீலே 1783இலேயே கண்டது அது. காற்றில் உள்ள ஆக்சிஜன் கூட இல்லாவிட்டால் கரையாது என்பதை 1846இல் எல்ஸ்னர் என்ற ஜெர்மானியர் சொன்னார். பாவம் ஷீலே, ஆக்சிஜனையும் கண்டார், சயனைடு தங்கத்தைக் கரைப்பதையும் கண்டார், நாற்பத்து மூன்று வயதில் செத்தும் போனார். தான் தயாரித்த பொருள்களை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பிள்ளைகளே, அது மட்டும் வேண்டாம்.

மெக்கார்தருக்கும் பெரிய பணம் நிலைக்கவில்லை. உரிமைத் தொகை கட்ட விரும்பாத சுரங்க முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்த விஷயம்தானே என்று 1896இல் டிரான்ஸ்வால் (அப்போது ஜோகன்னஸ்பர்க் இருந்த நாடு) நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளிவிட்டது. அவருக்காவது புத்தகத்தில் பெயர் இருக்கிறது. பூமிக்கு அடியில் படுத்தபடி அந்தக் கல்லை உடைத்த கறுப்பினத் தொழிலாளிகளின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. மேடுகளில் மிஞ்சிய பைரைட் இன்றைக்கும் மழையிலும் காற்றிலும் கந்தக அமிலமாகி ஓடைகளில் இறங்குகிறது.

கே: எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட வந்தவர். கரும்புக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம்?

ப: நல்ல கேள்வி, பலர் கேட்பது. நேட்டாலில், நம் டர்பன் இருக்கும் பகுதியில், எட்மண்ட் மோர்வுட் என்பவர் 1851இல் முதலில் சர்க்கரை காய்ச்சினார். வெட்ட ஆள் போதவில்லை என்று 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் 342 பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன் பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. உங்களுக்கே தெரியும்.

ஆலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிழிந்த சாற்றில் சுண்ணாம்புப் பால் கலந்து சூடாக்குவார்கள். அமிலம் அடங்கும், அழுக்கு கீழே படியும். அப்புறம் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பழைய முறையில் வரிசையாகத் திறந்த கொப்பரைகள், கீழே நெருப்பு. கொதிக்கும் சாற்றை ஆட்கள் அகப்பையால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவார்கள். அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் அதைச் செய்தவர்கள் அடிமைகள். கை வெந்து போகும், சாறு கருகும், விறகும் மலைமலையாகச் செலவாகும்.

இதை மாற்றியவர் நோர்பர்ட் ரிலியூ. 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரர், அம்மா கறுப்பின வம்சாவளியைச் சேர்ந்த சுதந்திரப் பெண். பாரிஸில் படித்துவிட்டுத் திரும்பி 1843இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை எளிமையானது. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். முதல் பாத்திரத்துச் சாற்றிலிருந்து கிளம்பும் ஆவியை வெளியே விடாமல், கொஞ்சம் காற்று உறிஞ்சிய இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்க அனுப்பினார். அதன் ஆவி இன்னும் குறைந்த அழுத்தத்தில் இருக்கும் மூன்றாவதற்குப் போகும். ஒரே தீயில் மூன்று வேலை. சாறு கருகாது, அகப்பை பிடித்த கையும் வேகாது. உலகம் முழுக்கச் சர்க்கரை ஆலைகளில் இன்றைக்கும் அந்த யோசனைதான். டின்னில் வரும் கெட்டிப் பால், பழச்சாறு, உப்பு நீக்கிய கடல்நீர் எல்லாவற்றிலும் இதே தத்துவம் நுழைந்துவிட்டது.

அடிமைகள் இருந்த ஊரில், அவர்கள் கையைக் காப்பாற்றிய கருவியைச் செய்தவர் அந்த இனத்திலேயே பிறந்தவர். அதனால் வரும் லாபமெல்லாம் தோட்ட முதலாளிக்கு. கடைசியில் ரிலியூ அமெரிக்காவையே விட்டுவிட்டு பாரிஸ் போய் 1894இல் அங்கேயே இறந்தார். நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும்.

கே: எனக்கு சுகர். டீயில் போடும் அந்தச் சின்ன மாத்திரையைக் கண்டுபிடித்தது யார்?

ப: ஆயா, கேட்டால் சிரிப்பீர்கள். 1879இல் அமெரிக்காவில் கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது, விரலும் இனித்தது. ஓடிப்போய் மேசைமேல் இருந்ததையெல்லாம் ருசி பார்த்து எது என்று பிடித்தார். அதுதான் சாக்கரின். ஆய்வகம் நடத்திய பேராசிரியர் ஐரா ரெம்சனைச் சேர்க்காமல் தான் மட்டும் காப்புரிமை எடுத்துக்கொண்டார். ரெம்சனுக்குக் கடைசிவரை கோபம் தீரவில்லை.

இப்போது கடைகளில் அதிகம் தென்படும் சுக்ரலோஸ் 1976இல் லண்டனில் வந்தது. ஒரு பொருளை 'டெஸ்ட்' பண்ணச் சொன்னதை 'டேஸ்ட்' பண்ணச் சொன்னதாகக் காதில் வாங்கிக்கொண்டு நாக்கில் வைத்துவிட்டார் ஷஷிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய மாணவர். சர்க்கரையைப் போல் சுமார் அறுநூறு மடங்கு இனிப்பு. எத்தனை மாத்திரை போடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

கே: மெண்டலீவ் தனிம அட்டவணையைக் கனவில் கண்டாராமே?

ப: நண்பர் ஒருவர் பின்னாளில் சொன்ன கதை அது. 1869இல் அட்டவணை வருவதற்கு முன் அந்த மனிதர் பல வருடம் தனிமங்களின் எடையையும் குணத்தையும் வைத்து மல்லுக்கட்டியிருந்தார். கனவைவிட எனக்குப் பிடித்தது அவர் விட்ட காலி இடங்கள். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் அறுபத்து மூன்று. அவை வரிசையில் பொருந்தாத இடத்தில் இழுத்துப் பொருத்தாமல், இங்கே இன்னும் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது என்று கட்டத்தைக் காலியாக விட்டார். அவற்றுக்கு வைத்த தற்காலிகப் பெயர்கள் 'ஏக அலுமினியம்', 'ஏக போரான்', 'ஏக சிலிகான்'. ஆமாம், நம் ஏகாதசியில் வரும் அதே சமஸ்கிருத 'ஏக'. அலுமினியத்துக்கு ஒரு கட்டம் கீழே என்று அர்த்தம்.

1875இல் பிரான்சில் லெகாக் என்பவர் காலியம் என்ற உலோகத்தைக் கண்டார். அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் ரஷ்யாவில் இருந்தபடியே, அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே, தப்பு, 5.9 பக்கம் இருக்க வேண்டும், மறுபடி சுத்தம் செய்து பாருங்கள் என்று சொன்னார். சுத்தம் செய்து பார்த்தால் 5.9! பொருளை வைத்திருந்தவருக்குத் தெரியாதது அட்டவணையை வைத்திருந்தவருக்குத் தெரிந்தது. 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் என்று மற்ற இரண்டு கட்டமும் நிரம்பின.

நோபல் பரிசு? கிடைக்கவில்லை. 1906இல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, ஃப்ளோரினைப் பிரித்தெடுத்த ஹென்றி முவாசானுக்குப் போய்விட்டது. அடுத்த வருடமே இருவரும் இறந்துவிட்டார்கள்.

கே: பென்சீன், பாம்பு, கனவு?

ப: பென்சீன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் வளையமாக நிற்கின்றன என்று சொன்னவர் கெக்குலே என்ற ஜெர்மானியர். தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாக அவர் சொன்னது 1890இல், வளையத்தை வெளியிட்டு இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு விழா மேடையில். மேடைப் பேச்சை மேடைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: டர்பன்காரர் யாராவது வேதியியலில் நோபல் வாங்கியிருக்கிறார்களா?

ப: வாங்கியிருக்கிறார்! ஆரன் க்ளுக், 1982. லித்துவேனியாவில் 1926இல் பிறந்து, இரண்டு வயதுக் குழந்தையாகக் குடும்பத்தோடு டர்பனுக்கு வந்து, டர்பன் ஹை ஸ்கூலில் படித்தவர். அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம், கேப் டவுன், அங்கிருந்து கேம்பிரிட்ஜ். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த தட்டையான படங்களைக் கணக்கால் ஒன்றுசேர்த்து, வைரஸ் போன்ற நுண்பொருள்களின் முப்பரிமாண வடிவத்தைக் காணும் முறையை உருவாக்கினார். இன்று மருத்துவமனைகளில் இருக்கும் ஸ்கேன் யந்திரங்களும் இதற்கு உறவான கணக்கில்தான் ஓடுகின்றன.

அவருடைய வாழ்க்கையில் ஒரு பெயர் முக்கியம்: ரோசலிண்ட் பிராங்க்ளின். டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படத்தால் அறியப்படும் அதே பிராங்க்ளின். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டதற்காக வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் 1962இல் நோபல் வாங்கியபோது அவர் உயிரோடு இல்லை. அதற்கு முன் லண்டனில் புகையிலை வைரஸை ஆராய்ந்த வருடங்களில் அவர்கூட வேலை செய்தவர் க்ளுக். 1958 ஏப்ரலில் முப்பத்தேழு வயதில் புற்றுநோயில் பிராங்க்ளின் போனார். தன் உயிலில் க்ளுக்குக்குப் பணமும் காரும் எழுதி வைத்திருந்தார். க்ளுக் தொடர்ந்த வேலைக்குத்தான் 1982இல் பரிசு. பிராங்க்ளினின் குறிப்பேடுகளைப் படித்து, டி.என்.ஏ. விடைக்கு அவர் எவ்வளவு அருகில் வந்திருந்தார் என்று கட்டுரை எழுதியவரும் க்ளுக்தான். பெயர் வாங்கியவர் பெயர் வாங்காதவரை மறக்காத கதை என்பதால் வகுப்பில் இதை நான் விடாமல் சொல்வேன்.

இதில் நமக்கு ஒரு உறுத்தலும் உண்டு. க்ளுக் படித்த பள்ளி அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும். இந்தியப் பிள்ளைகளுக்கு டர்பனில் சாஸ்திரி கல்லூரி என்று ஒரு உயர்நிலைப் பள்ளி வந்ததே 1929இல்தான். 1961இல் இந்தியர்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்தபோது, அதைத் துறைமுகத்தில் சால்ஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் வைத்தார்கள். என் மாமா படகில் போய் கெமிஸ்ட்ரி படித்தார். நான் படித்த பள்ளியில் ஆய்வகம் என்று ஒரு அறை இருந்தது. பூட்டியே இருக்கும். டைட்ரேஷன் (அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு பார்க்கும் சோதனை) எப்படி இருக்கும் என்று ஐந்து வருடமும் கரும்பலகையில் படம் வரைந்துதான் தெரிந்துகொண்டோம். இன்னும் எத்தனை க்ளுக்குகள் அந்தக் கரும்பலகையோடு நின்றுபோனார்களோ.

கே: தமிழர் யாரும் வாங்கவில்லையா?

ப: வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, பரோடாவில் வளர்ந்தவர். உடம்புக்குள் புரதம் தயாராகும் ரைபோசோம் என்ற பட்டறையின் அணு அணுவான வடிவத்தைக் கண்டதற்காக 2009இல் ஸ்டீட்ஸ், யோனாத் என்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். படித்தது இயற்பியல், பரிசு வேதியியலில். அவர் அந்த வேலையைச் செய்த கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கு அவருக்கு முன்னால் பத்து வருடம் இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? க்ளுக். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர் பதவியிலும் 1995 முதல் 2000 வரை க்ளுக், 2015 முதல் 2020 வரை வெங்கி. டர்பனும் சிதம்பரமும்!

நோபல் வாங்காதவர்களையும் சொல்லிவிடுகிறேன். குளித்தலையில் பிறந்த டி.ஆர்.சேஷாத்ரி பூ, பட்டை, இலைகளின் நிறமிகளை ஆராய்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர்.கோவிந்தாச்சாரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு 1954இல், நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் மூன்று புரி கயிறாக முறுக்கியது என்று சொன்னார். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண்.

கே: நம் நாட்டுப் பெட்ரோல் நிலக்கரியிலிருந்து வருகிறதாமே, உண்மையா?

ப: ஒரு பகுதி உண்மை. 1925இல் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் இருவரும் கண்ட வழி. நிலக்கரியை நீராவியோடும் ஆக்சிஜனோடும் சுட்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆக்கி, அந்த இரண்டையும் இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கிமேல் விட்டால் எண்ணெய்ச் சங்கிலிகளாகச் சேரும். எண்ணெய்க் கிணறு இல்லாத நாஜி ஜெர்மனி போரில் இதைப் பயன்படுத்தியது. எண்ணெய் தர உலகம் மறுத்த நிறவெறி அரசுக்கும் இதுவே கைகொடுத்தது. 1950இல் சாசோல் நிறுவனம், 1955இல் சாசோல்பர்க்கில் உற்பத்தி, அப்புறம் செகுண்டா. இன்று செகுண்டா, உலகில் ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கரியமில வாயு வெளியாகும் இடங்களில் ஒன்று. வேதியியலாக அபாரம். மற்றதை நீங்களே எடைபோடுங்கள்.

கே: பிளாட்டினம் கதை ஏதாவது?

ப: பிளாட்டினத்தைவிட அதன் தங்கை பல்லேடியத்தின் கதை நன்றாக இருக்கும். வில்லியம் வொலாஸ்டன் 1802இல் பிளாட்டினத் தாதுவில் அதைக் கண்டார். யாருக்கும் சொல்லவில்லை. 1803இல் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு கடையில், பெயர் போடாத துண்டுச்சீட்டோடு 'புது வெள்ளி' என்று விற்பனைக்கு வைத்தார்! ரிச்சர்ட் செனெவிக்ஸ் என்பவர் மொத்தச் சரக்கையும் வாங்கி ஆராய்ந்து, இது புதுத் தனிமமே இல்லை, பாதரசமும் பிளாட்டினமும் கலந்த ஏமாற்று என்று ராயல் சொசைட்டியில் அறிவித்தார். அந்த வருடமே அவருக்கு அந்தச் சொசைட்டியின் காப்லி பதக்கம். முடிந்தால் செய்து காட்டுங்கள், இருபது பவுன் பரிசு என்று மொட்டை விளம்பரம் ஒன்று வந்தது. யாராலும் முடியவில்லை. 1805இல் வொலாஸ்டன், அது நான்தான் என்று ஒத்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் தன் பெயரைத் தானே ஒளித்தவர் இவர் ஒருவர்தான்.

நம் ஊர்ப் பிளாட்டினப் படுகையை 1924இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி தேடிக் கண்டார். படுகையின் ஒரு அடுக்குக்கு அவர் பெயர். அதே உலோகத்தைத் தோண்டிய தொழிலாளிகள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து, 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் 34 பேர் போலீஸ் துப்பாக்கியில் செத்தார்கள்.

கே: எல்லாவற்றையும் நம் சித்தர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ப: எனக்கும் வருகிறது, தினமும். அணுகுண்டு வரைக்கும் சித்தர் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் வேண்டாம், உண்மையே போதும். தென்னிந்தியாவில் இரும்பையும் கரியையும் மண் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) வைத்து மூடி உருக்கி எடுத்த எஃகு உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பியர்கள் அதை 'வூட்ஸ்' என்றார்கள். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' வழியாகப் போன சொல் என்பார்கள். தமிழ்நாட்டில் கொடுமணல் அகழாய்வில் உருக்கு உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்குப் பெயர்போன அதே ஃபாரடே, 1819 தொடங்கி சில வருடம் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து அதன் ரகசியத்தைப் பிடிக்கப் பாடுபட்டார். பிளாட்டினம், வெள்ளி எல்லாம் எஃகில் கலந்து பார்த்தார். முழுசாகப் பிடிபடவில்லை. உலை ஊதிய கொல்லர்களின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதி வைக்கவில்லை, பிள்ளைக்குக் கையால் கற்றுக் கொடுத்தார்கள்.

கே: ஹேபர் நல்லவரா கெட்டவரா?

ப: 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்தார். அதிலிருந்து வந்த உரம் இல்லாவிட்டால் இன்று உலகத்தில் பாதிப் பேருக்குச் சோறு இல்லை. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்நின்று நடத்தியதும் அவர்தான். பத்து நாள் கழித்து அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், கணவரின் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். ஹேபருக்கு 1918ஆம் வருடத்து நோபல் கொடுத்தார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

கே: மேரி கியூரியைப் பற்றி ஒன்றுமே இல்லையே அங்கிள்?

ப: எல்லாருக்கும் தெரிந்தவர் என்று விட்டேன், ஆனால் பெண்பிள்ளைகள் விடுவதாயில்லை. 1898இல் கணவர் பியேரோடு சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்று இரண்டு தனிமங்களைக் கண்டார். மழை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுக் கழிவை இரும்புக் கம்பியால் கிண்டிக் காய்ச்சி, 1902இல் கையில் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. 1903இல் இயற்பியல் நோபல். முதலில் பியேரையும் பெக்கரலையும் மட்டும் பரிந்துரைத்திருந்தார்கள். செய்தி தெரிந்து பியேர் கடிதம் எழுதிய பிறகுதான் மேரியின் பெயர் சேர்ந்தது. 1911இல் வேதியியல் நோபல் அவருக்கு மட்டும்.

யுரேனியம் நம் ஊரிலும் உண்டு. மேலே சொன்ன தங்கக் கல்லிலேயே கலந்திருக்கிறது. 1952 முதல் தங்கத்தோடு அதையும் பிரித்து எடுத்தார்கள். அந்த மஞ்சள் மேடுகளின் ஓரத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. மேரி கியூரியின் குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன. இன்னும் கதிர்வீச்சு அடங்கவில்லை. புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால், என்ன ஆனாலும் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.